பீடாதிபதி ஒரு கையெழுத்து வைத்தால் காணுமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் பின்னேரம் ஒரு மாணவியின் தகப்பனார் பல்கலைக்கழகத்தில் உள்ள என் அறைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ஆஸ்பத்திரித் துண்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், கைப்பட எழுதிய ஒரு கடிதம். மகள் இரண்டாம் வருடப் பரீட்சை நடந்த கிழமை டெங்குக் காய்ச்சலோடு வார்டில் படுத்திருந்தாள். மூன்று பாடங்கள் எழுதவில்லை. "சேர், டீனோட ஒருக்கா கதைச்சா எல்லாம் சரிவரும் எண்டு சொல்லினம். அவர் ஒரு கையெழுத்து வைச்சாக் காணும்தானே?" என்று கேட்டார்.

காணாது என்று சொன்னேன். அவருடைய முகம் வாடிவிட்டது. உதவ மனமில்லாமல் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஏன் காணாது என்று அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வீட்டிலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. தெரியாததால் அலைவது அவர்கள்தான்.

பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இலங்கையில் டீன் என்பவரைப் பீடாதிபதி என்கிறோம். பள்ளிக்கூடத்தில் அதிபரைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அதிபர் சொன்னால் அன்றே நடக்கும். அதே எதிர்பார்ப்போடு பல்கலைக்கழகத்துக்கு வருகிறோம். போதாதற்கு, தேசிய கல்வியியற் கல்லூரிகளின் தலைவரையும் பீடாதிபதி என்றே அழைக்கிறார்கள். அவர் ஒரு முழு நிறுவனத்துக்கும் பொறுப்பானவர். தமிழ்நாட்டுச் செய்திகளில் வரும் டீன் பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரியின் தலைவர். கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியும் அவர் பொறுப்பில்தான். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலோ கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற ஒரு வளாகத்துக்கே டீன் தலைவர். சொல் ஒன்று, பதவி வேறு வேறு. லத்தீன் மொழியில் பத்துப் பேருக்குத் தலைவன் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்துதான் டீன் வந்தது. மடங்களில் பத்துத் துறவிகளுக்கு ஒரு மூத்தவர் இருப்பாராம். பீடாதிபதி என்ற நம்முடைய கனத்த சொல்லைவிட அந்தப் பழைய பொருள்தான், என் பார்வையில், பதவியின் உண்மையான குணத்துக்கு நெருக்கமானது. தன்னைப் போன்றவர்களுக்குள் ஒருவர், கொஞ்சக் காலம் முன்னால் நிற்கிறார், அவ்வளவுதான்.

இலங்கை அரச பல்கலைக்கழகங்கள் இன்றும் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி நடக்கின்றன. அதற்குப் பிறகு திருத்தங்கள் வந்தன, எலும்புக்கூடு மாறவில்லை. அந்தச் சட்டத்தின்படி பீடாதிபதி தம் பீடத்தின் கல்வி, நிர்வாகம் இரண்டுக்கும் தலைவர். ஆனால் அவரைத் துணைவேந்தர் நியமிப்பதில்லை, அமைச்சரும் நியமிப்பதில்லை. பீடத்தின் ஆசிரியர்கள் கூடும் பீடச் சபை தேர்ந்தெடுக்கிறது. பதவிக்காலம் 3 வருடம். 3 வருடம் முடிந்தால் திரும்பவும் தெரிவாகலாம். இல்லாவிட்டால் பழையபடி விரிவுரைக்குப் போக வேண்டியதுதான்.

துணைவேந்தருடைய வழி இதற்கு நேர்மாறு. பல்கலைக்கழகத்தின் நிர்வாக சபையான பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும், அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாகப் போகும், அவர்களில் ஒருவரை ஜனாதிபதி நியமிப்பார். ஆகவே துணைவேந்தரின் அதிகாரம் மேலிருந்து வருகிறது. பீடாதிபதியின் அதிகாரம் பக்கத்து அறைகளில் இருந்து வருகிறது. யாருக்கு அவர் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறதோ அவர்கள்தான் அவரைத் தெரிவு செய்தவர்கள். 3 வருடம் கழித்து அவர்களில் ஒருவர் இவருக்குப் பீடாதிபதியாக வரலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பல்கலைக்கழகத்தில் நடக்கும் முக்கால்வாசி விடயங்கள் விளங்கிவிடும்.

இந்த ஏற்பாடு சும்மா வந்ததல்ல. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தராக இருந்தவர் ஐவர் ஜென்னிங்ஸ். கல்வி விடயத்தை ஆசிரியர்களே கூடித் தீர்மானிக்க வேண்டும் என்ற பிரித்தானிய மரபில் அது உருவானது. 1972 இல், அதற்குள் உருவாகியிருந்த பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகமாக்கி, இருந்தவற்றை வளாகங்களாக மாற்றினார்கள். 1974 இல் யாழ்ப்பாணத்தில் வந்ததும் வளாகம்தான். அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1978 சட்டம் அந்த ஒற்றைப் பல்கலைக்கழகத்தைக் கலைத்தது. 1979 ஜனவரி 1 முதல் யாழ்ப்பாணம் தனிப் பல்கலைக்கழகமானது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார்.

சரி, அந்தச் சட்டம் பெயர் சொல்லி வைத்திருக்கும் சபைகள் மூன்று. பீடச் சபை ஒரு பீடத்தின் ஆசிரியர்கள் கூடும் இடம். நிரந்தர விரிவுரையாளரிலிருந்து பேராசிரியர் வரை எல்லோரும் அதில் இருக்கிறார்கள். மாணவர்கள் தெரிவு செய்த இரண்டு மாணவர்களும் வெளியிலிருந்து சில பிரமுகர்களும் உண்டு. பரீட்சை, பெறுபேறு பற்றிய பகுதி வரும்போது மாணவப் பிரதிநிதிகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அதற்கு மேலே மூதவை: துணைவேந்தர் தலைமையில் எல்லாப் பீடாதிபதிகளும் துறைத்தலைவர்களும் பேராசிரியர்களும் கூடுவது. படிப்பு, ஆராய்ச்சி, பரீட்சை எல்லாவற்றிலும் கடைசிச் சொல் மூதவையுடையது. பணம், ஆளணி, கட்டடம், நியமனம் ஆகியவை பேரவைக்குப் போகும்.

பேரவையின் கணக்கு கொஞ்சம் சுவாரசியமானது. துணைவேந்தர், எல்லாப் பீடாதிபதிகள், மூதவை அனுப்பும் இருவர் ஆகியோர் உள்ளிருந்து வருபவர்கள். மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கும் உறுப்பினர்களின் தொகை இவர்களைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 10 பீடங்கள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உள்ளே 13 பேர் என்றால் வெளியே 14. அதாவது எல்லாப் பீடாதிபதிகளும் துணைவேந்தரும் ஒரே பக்கம் நின்றாலும் கூட, வெளியாட்களில் ஒருவராவது சேராமல் எதையும் நிறைவேற்ற முடியாது. இந்த ஒரு ஆள் வித்தியாசத்தைப் பற்றி எங்களுக்குள் எத்தனையோ தடவை வாதம் நடந்திருக்கிறது. எனக்கு இதில் இரண்டு மனம். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் வெளியார் கண் வேண்டும். அந்தக் கண் அரசியல்வாதியின் கண்ணாக இருந்துவிட்டால் ஆபத்து.

இப்போது அந்தத் தகப்பனாரின் ஃபைலுக்கு வருவோம். எங்கள் பிள்ளைகள் இதை "மெடிக்கல் போடுறது" என்பார்கள். நோயால் பரீட்சைக்கு வராத மாணவி, குறிப்பிட்ட நாட்களுக்குள் மருத்துவச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். அது பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் போகும். அவர் பார்த்து, ஏற்கலாம் என்று எழுதினால் பீடச் சபைக்கு வரும். சபை ஏற்றுக்கொண்டால் மூதவைக்குச் சிபாரிசு செய்யும். மூதவை அங்கீகரித்த பிறகுதான் அந்தப் பிள்ளை அடுத்த முறை எழுதும் பரீட்சை முதல் தோற்றமாகக் கணக்கில் எடுக்கப்படும். இல்லாவிட்டால் அது ரிப்பீட். ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாகச் சித்திக்கான சி தரத்துக்கு மேல் கிடைக்காது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற வகுப்புச் சித்தியே கைநழுவிப் போகலாம். டெங்குக் காய்ச்சலில் கிடந்த ஒரு கிழமை ஒரு பிள்ளையின் பட்டத்தின் தரத்தையே மாற்றிவிடக்கூடியது. அதனால்தான் அந்த மனிதர் அவ்வளவு பதற்றமாக இருந்தார். பதற்றம் நியாயமானது.

பீடச் சபையில் இது எப்படி வரும் தெரியுமா? தடித்த ஒரு கட்டுத் தாள் கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் வந்துவிடும். முந்தைய கூட்டறிக்கையை உறுதிப்படுத்தல், அதிலிருந்து எழும் விடயங்கள், துறைகளின் அறிக்கை, பரீட்சை விடயங்கள் என்று வரிசை போகும். பரீட்சை விடயங்களுக்குள் ஒரு அட்டவணை. பதிவிலக்கம், தவறிய பாடங்கள், நோய், வைத்திய அதிகாரியின் குறிப்பு. மாணவியின் கண்ணீரோ அப்பாவின் பஸ் பயணமோ அந்த அட்டவணையில் இல்லை. ஒரே ஒரு வரி. "வைத்திய அதிகாரி சிபாரிசு செய்திருக்கிறார், சபை ஏற்கிறதா?" என்று பீடாதிபதி கேட்பார். யாராவது தலையாட்டுவார்கள். ஒரு நிமிடம் கூட ஆகாது.

ஒரு நிமிட வேலைக்கு ஏன் இத்தனை படி என்று கேட்கலாம். அந்த நிமிடத்தில் பீடாதிபதி தனியாக முடிவெடுக்கலாம் என்று விட்டுப்பாருங்கள். அவருக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, தெரியாத பிள்ளைக்கு வேறு என்று ஆகிவிட எவ்வளவு நேரம் எடுக்கும்? அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், "அவர் செய்துகொடுத்தார்" என்ற பேச்சு பரவினால் அடுத்த பரீட்சைக்கு அவர் வாசலில் வரிசை நிற்கும். சபை ஏற்றது என்று கூட்டறிக்கையில் பதிந்துவிட்டால் பிறகு யாரும் அதைக் கிளற முடியாது. ஐந்து வருடம் கழித்து ஒரு வேலைவாய்ப்பில் அவளுடைய பெறுபேற்றுப் பத்திரத்தை யாராவது கேள்வி கேட்டாலும், பதில் சொல்ல ஒரு கூட்டத்தின் இலக்கமும் திகதியும் இருக்கும். அவளைக் காப்பாற்றுவது அந்தப் பதிவுதான்.

ஆனால் தாமதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். பீடச் சபை பொதுவாக மாதம் ஒரு தடவை கூடும், மூதவையும் அப்படித்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நிகழ்ச்சிநிரல் சில நாட்களுக்கு முன்பே மூடப்படும். ஒரு கடிதம் அந்த நாளை ஒரு நாளால் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விடும். இரண்டு இடத்திலும் தவறவிட்டால் இரண்டு மாதம். கடிதம் ஒரு மேசைத் தட்டில் கிடந்ததால் ஒரு பிள்ளை அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போனது போனதுதான்.

இங்கேதான் நல்ல பீடாதிபதியின் வேலை ஆரம்பிக்கிறது. முடிவு சபையுடையது என்றாலும், எது சபைக்கு வரும், எப்போது வரும், எந்த வரிசையில் வரும் என்பது பெரும்பாலும் பீடாதிபதியின் கையில். முக்கியமான விடயத்தைக் கூட்டத்தின் ஆரம்பத்தில் போட்டால் எல்லோரும் கவனமாகக் கதைப்பார்கள். கடைசியில் போட்டால், மூன்று மணித்தியாலம் இருந்து களைத்தவர்கள் "சரி, சரி" என்று விட்டுவிடுவார்கள். அவசரமான விடயத்தில் முன்கூட்டியே நடவடிக்கை எடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் சபைக்கு அறிவித்து அங்கீகாரம் பெறும் வழக்கமும் உண்டு. துணிவுள்ளவர்கள் அதை மாணவருக்காகப் பயன்படுத்துவார்கள். பயந்தவர்கள் "சபைக்குப் போகட்டும்" என்று எல்லாவற்றையும் தள்ளிவைப்பார்கள்.

இன்னொரு சின்ன விடயம். பல்கலைக்கழகத்தில் எந்தக் கடிதமும் "ஊடாக" என்ற சொல்லோடுதான் பயணம் செய்யும்: துறைத்தலைவர் ஊடாக, பீடாதிபதி ஊடாக, துணைவேந்தருக்கு. ஒவ்வொருவரும் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். "சிபாரிசு செய்கிறேன்" என்று எழுதினால் ஒரு பொருள். "தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கிறேன்" என்று எழுதினால் வேறு பொருள். இரண்டாவது வரி மரியாதையாகத்தான் இருக்கும், ஆனால் அதை எழுதியவர் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் நிற்கவில்லை. கடிதம் கொடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சிபாரிசு செய்யுமாறு தைரியமாகக் கேட்கலாம், அதில் பிழை இல்லை.

பீடாதிபதிக்குச் சம்பந்தமே இல்லாத விடயங்களுக்காகவும் ஆட்கள் வந்து நிற்பார்கள். முதலாவது, அனுமதி. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்து மானியங்கள் ஆணைக்குழுதான் நாடு முழுவதற்கும் அனுமதி வழங்குகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் தேசிய திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பங்கீடு. பீடாதிபதிக்கு இதில் ஒரு இடம் கூட இல்லை. ஒரு இடம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று. அடுத்தது விரிவுரையாளர் நியமனம். அதற்குத் துணைவேந்தர் தலைமையில் ஒரு தெரிவுக்குழு உண்டு. பீடாதிபதி அதில் ஒருவர், அவ்வளவே. குழு சிபாரிசு செய்யும், பேரவை நியமிக்கும்.

பாடத்திட்டம் மாற்றுவது இன்னும் நீண்ட பாதை. துறை எழுதும், பீடச் சபை பார்க்கும், மூதவை பார்க்கும், புதிய பட்டம் என்றால் ஆணைக்குழு வரை போகும். ஒவ்வொரு படியிலும், பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தை வைத்து அளப்பார்கள். ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவிடும் 50 மணித்தியாலம். மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. பழைய பாடத்தை இன்னும் ஏன் படிப்பிக்கிறார்கள் என்று மாணவர்கள் கோபப்படுவார்கள். பல நேரம் புதிய பாடம் எழுதி முடிந்திருக்கும், ஏதாவது ஒரு கூட்டத்தின் தாள்கட்டில் காத்துக்கொண்டிருக்கும்.

பீடாதிபதிகளுக்குள் எப்படி முடிவாகிறது என்று கேட்டால், அதுதான் வெளியே தெரியாத பகுதி. துணைவேந்தரும் பீடாதிபதிகளும் அவ்வப்போது ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். யாழ்ப்பாணத்தை எடுத்தால் கலைப்பீடமும் விஞ்ஞானபீடமும் திருநெல்வேலியில். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில், 60 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி. கிளிநொச்சிப் பீடாதிபதிக்கு விடுதியும் பஸ்ஸும் தலையிடி. கலைப்பீடாதிபதிக்கு நூற்றுக்கணக்கான மாணவர் கொள்ளும் மண்டபம் இல்லை என்பது தலையிடி. மருத்துவபீடத்தின் காலஅட்டவணை மற்றவர்களோடு ஒத்தே வராது. புதிதாக நான்கு ஆளணி கிடைத்திருக்கிறது, கேட்பவர்கள் ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பு வைத்தால் மூன்று பேர் மனக்கசப்போடு எழுந்து போவார்கள், அடுத்த மூதவையில் அது வேறு விடயத்தில் வெடிக்கும். அதனால் பெரும்பாலும் வாக்கெடுப்பு நடக்காது. "இந்த முறை நீங்கள் எடுங்கள், வருகிற வருடம் எங்களுக்கு விடுங்கள்" என்றுதான் முடியும்.

இதைப் பேரம் என்று சிலர் கேவலமாகப் பேசுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நம் ஊரில் கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். இன்றைக்கு உன் தோட்டம், நாளைக்கு என் தோட்டம். ஆனால் அந்த முறை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், எங்கேயாவது எழுதியும் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக இருந்தால் அடுத்து வரும் பீடாதிபதிக்கு அந்த வாக்குறுதி தெரியாது. 3 வருடத்தில் ஆள் மாறும் பதவி அல்லவா? முந்தையவருக்குச் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விட, ஒரு சின்னத் துறை வருடக்கணக்காக ஒரே ஒரு விரிவுரையாளரோடு இழுபடும். இந்த முறையில் நான் காணும் பெரிய ஓட்டை இதுதான்.

பகிடிவதை முறைப்பாடும் பீடாதிபதியிடம் வரும். அங்கே தாமதத்துக்கு இடமே இல்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை ஒரு குற்றம். பல்கலைக்கழக ஒழுக்கத்துக்குச் சட்டப்படி பொறுப்பு துணைவேந்தர் என்றாலும், பயந்துபோன ஒரு முதல் வருடப் பிள்ளை முதலில் தட்டும் கதவு பீடாதிபதியுடையதாக இருக்கலாம். அந்த நேரத்தில் "எழுத்தில் கொண்டுவா, சபைக்கு வைப்போம்" என்று சொல்லும் ஒருவரைத் தெரிவு செய்துவிட்டோமே என்று வருத்தப்படுவதைவிட, வாக்குப் போடும்போதே இதை யோசிப்பது நல்லது. இதை என் சக ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

அந்தத் தகப்பனாருக்கு இவ்வளவும் சொல்லவில்லை, நேரமும் இல்லை. "டீனைப் பார்க்க வேண்டாம், அலுவலகத்துக்குப் போய் இரண்டு விடயம் கேளுங்கள்" என்றேன். அடுத்த பீடச் சபை என்றைக்கு, அதன் நிகழ்ச்சிநிரல் என்றைக்கு மூடுகிறது. அப்புறம், கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் கிடைத்த திகதியைப் போட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் என் மேசையில் கிடந்த பேனையை எடுத்து ஃபைலின் பின்பக்கத்தில் எழுதப் பார்த்தார், பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "வெள்ளிக்கிழமை மூடுதாம் சேர். இண்டைக்கே குடுத்திட்டன்." கையில் முத்திரை குத்திய பிரதி இருந்தது.